சாய்மாவின் முட்டையும் என் வாயும்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
ஞாயிறு, மழை விட்ட நேரம்

அன்பு மகள் உம்மே ஹானிக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தா, நான், உன் தம்பி ஹஸன், அவன் மனைவி சாய்மா நாலு பேரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வந்தால் என்னைக் கேட்காமலே புலம்புகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை ஃபைசானும் குட்டியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன், கால்கரியில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதாமே, குட்டியைக் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதத்தைப் பாழாக்குகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ என் கட்சியில் சேர்ந்துவிடுவாய், இது நீ என் கட்சியில் சேராமல் கடைசிவரை கேட்க வேண்டிய விஷயம். நம் தெரு நூர் முஹம்மது தன் மகளைப் பார்க்க செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார், இடியாப்ப மாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். மாவை முதலில் டப்பாவில் கொட்டி வை, அப்புறம் உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் சாய்மாவுக்கு நீ ஒரு குரல் செய்தி அனுப்பினாயே, நான்கு நிமிஷம், அதைப் பற்றித்தான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய், அதையும் சொல்கிறேன், ஆனால் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் என் யோக்கியதை உனக்குப் புரியும்.

பெண் பார்க்கக் கொட்டிவாக்கம் போனபோது நீ இங்கே இல்லை. சம்பிரதாயத்துக்கு, என்னம்மா சமைப்பாய் என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தை நேராகப் பார்த்து, முட்டை மட்டும் நன்றாகச் செய்வேன் மாமி, மற்றது வராது என்றது. நம் வீடுகளில் நாற்பது பேருக்குத் தனியாக நின்று பிரியாணி தம் போடுகிறவள்கூட, ஏதோ கொஞ்சம் தெரியும் என்றுதான் சொல்வாள், ஆகவே முட்டை மட்டும் தெரியும் என்றால் விருந்தே வைப்பாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரம்தான் தெரிந்தது, அவள் சொன்னது அப்பட்டமான உண்மை என்று. உண்மை பேசுகிறவர்களோடு குடும்பம் நடத்தி எனக்குப் பழக்கமில்லை.

சாய்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விடியும் முன்பே கிளம்பி பெசன்ட் நகர், அடையாறு என்று வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ரத்தம் எடுப்பாள், மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். அதனால் ராத்திரிச் சமையல் அவளுக்கு என்று பிரித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை பொடிமாஸ், செவ்வாய் தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பாக முட்டை ஆணம், புதன் முட்டை தோசை, வியாழன் பணியாரக் கல்லில் வெங்காயம் மிளகு போட்டுக் குழிக்கு ஒன்றாக முட்டைப் பணியாரம், வெள்ளி இடியாப்பத்தை உதிர்த்து முட்டையோடு கொத்தியது. சனிக்கிழமை கலக்கி. அதுதான், முட்டையோடு கொஞ்சம் சால்னாவை அடித்துக் கல்லில் ஊற்றி, வேகுமுன்னே சுருட்டி எடுப்பார்களே, தொட்டால் நடுங்கும், அது. முதல் தரம் பார்த்தபோது இது வெந்ததா வேகவில்லையா என்று கேட்டேன், ரெண்டும்தான் மாமி என்றாள். உன் அத்தா அதை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முப்பத்தாறு வருஷமாக நான் ஆக்கிப் போட்ட மீனுக்கும் கறிக்கும் அந்த மனிதர் கொடுத்த உச்சபட்சப் பாராட்டு, உப்பு சரியா இருக்கு என்பதுதான். அன்றைக்குக் கல் பக்கத்திலேயே தட்டோடு போய் நின்றார்.

அந்த வாரத்திலிருந்துதான் சனிக்கிழமை காலைகளில் உனக்கு நான் போட்ட போன்கள் நீளமாயின. வீடு முழுக்க முட்டை வாடை என்றேன், அத்தாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறப்போகிறது என்றேன், உப்பில்கூட ஒரு அடக்கம் இல்லை அந்தப் பெண்ணுக்கு என்றேன். சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். கலக்கியை நானும் சாப்பிட்டேன், எல்லோரும் எழுந்து போன பிறகு, கல்லில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. கொலஸ்ட்ரால் விஷயமும் அப்படித்தான். சாய்மா ஒருநாள் காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டு மேஜையிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள், ஊசி குத்தியதே தெரியவில்லை. ரிப்போர்ட் வந்தது, அத்தாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத்தான் ஏறியிருந்தது. அந்தக் காகிதத்தை பீரோவில் புடவைக்கு அடியில் விரித்த பேப்பருக்கும் அடியில் வைத்துவிட்டு உனக்கு போன் செய்து, அத்தாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். இன்னொன்றும் உண்டு. மீன் ஆணம் கற்றுக்கொடுங்கள் மாமி என்று அவள் என்னிடம் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவள் கற்றுக்கொண்டுவிட்டால் சனிக்கிழமை உன்னிடம் பேச எனக்கு என்ன இருக்கும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ராயப்பேட்டையிலிருந்து ஜைதூன் பீ பெரியம்மா அவர்கள் வீட்டு ஆட்கள் ஐந்து பேரோடு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். என் அக்காவின் நாக்கு உனக்குத் தெரியும். வருவது எனக்கு வியாழக்கிழமையே தெரியும், சாய்மாவிடம் ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, எனக்குத் தலை சுற்றுகிறது, நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று படுத்துக்கொண்டேன். தலை சுற்றவில்லை ஹானி. வெளியே அப்படி ஒரு மழை, ஹஸன் குடையோடு போய் மீனும் இல்லை கறியும் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பி வந்தான். அவள் முட்டை பிரியாணி போட்டாள், வேகவைத்த முட்டையைக் கீறி மசாலாவில் புரட்டி வைத்தாள், மத்தியில் முட்டை வைத்து உருளைக்கிழங்கில் உருட்டி ஒரு கோஃப்தா புதிதாக முயன்றாள், அது எண்ணெயில் பிரிந்துவிட்டது. பெரியம்மா தட்டைப் பார்த்தார்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன் அஃப்சர், உன் மருமக வூட்டுக் கோழி முட்டை மட்டும்தான் போடுமா, கறியாவே ஆவாதா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், யார் சத்தமாகச் சிரித்தது என்று கேட்டால் நான்தான். சாய்மா பெரியம்மாவுக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். பெரியம்மா மூன்று முட்டை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள், அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்து, என் அக்கா முன்னால் மானம் போயிற்று, வேண்டுமென்றே இப்படிச் செய்தாள் என்று அழுதேன். அழுகை வந்தது என்னவோ நிஜம், எதற்கு வந்தது என்று இப்போது யோசித்தால் சரியாகப் பிடிபடவில்லை.

மறுநாள் மக்ரிப் தொழுதுவிட்டு அடுப்படிப் பக்கம் போனேன். சாய்மா அவித்த முட்டைகளுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள், கை ஈரம், அதனால் போனை மேடையில் வைத்து சுண்டு விரலால் தட்டினாள், உன் குரல் வந்தது. அங்கே அப்போது விடிந்துகூட இருக்காது, அவ்வளவு சீக்கிரம் எழுந்து எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாய். வயதானவர்களை வைத்துக்கொண்டு விளையாடாதே என்றாய், தாய் இல்லாமல் வளர்ந்தால் இப்படித்தான் என்றாய், உப்பில்கூட ஒரு அடக்கம் இல்லை என்றாய். நான் அடுப்படி வாசற்படியில் நின்று நான்கு நிமிஷமும் கேட்டேன். தாயில்லாதவள் என்பது ஒன்றுதான் உன் சொந்தச் சரக்கு, மற்றதெல்லாம் நான் சொன்னது, சொன்ன வரிசையில், என் இழுவையோடுகூட உன் குரலில் வந்தது. செய்தி முடிந்தது. அவள் மிச்சமிருந்த இரண்டு முட்டையையும் உரித்து முடித்தாள், ஆணத்தில் போட்டாள், மூடினாள், அடுப்பை அணைத்தாள், கையைக் கழுவினாள். அப்புறம் என்னிடம் வந்து, அப்பாவைப் பார்த்து நாளாகிறது, இரண்டு நாள் கொட்டிவாக்கம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் பதினோரு நாளாயிற்று. ஹஸனிடம் அவள் உன் செய்தியைக் காட்டவே இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, கூட இருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், அவனும் வேலை முடிந்து நேரே அங்கே போவதும் வருவதுமாக இருந்தான். ஒருநாள் என்னிடம் வந்து, பாவம்மா, அவ அப்பாவுக்கு இன்னும் சர்க்கரை இறங்கலையாம் என்றான். என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யை என் மகன் எனக்கே செய்தியாகச் சொல்கிறான், நானும் ஐயோ பாவம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு நாளும் வீட்டில் என் ராஜ்ஜியம்தான். வஞ்சிரம் வறுத்தேன், இறால் தொக்கு வைத்தேன், எலும்பு ஆணம் காய்ச்சினேன். அத்தா, உப்பு சரியா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். முட்டைக் கடைக்காரர்கூட என்னை நிறுத்தி, "இன்னாம்மா, முட்டை வாங்கறதே இல்ல, மருமவப்பொண்ணு ஊர்ல இல்லியா, உடம்பு கிடம்பு நல்லாத்தானே கீது?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, தேவையில்லாமல் ஆறு முட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த முட்டையில் உன் அத்தா ஒருநாள் தானே ஆம்லெட் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பற்றவைக்காத ஆள். பாதி ஓடு உள்ளேயே விழுந்துவிட்டது. உட்கார்ந்து கறுக் கறுக்கென்று மென்றார், எனக்கும் பாதி வைத்தார், நானும் மென்றேன். அப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கேட்டது, "நீ என்ன சொன்ன?" என்று. முப்பத்தாறு வருஷம் உப்பு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்தது தப்பு.

மறுநாள் காலை அடுக்கு டிபன் கேரியரில் மீன் ஆணமும் சோறும் கட்டிக்கொண்டு ஆட்டோவில் கொட்டிவாக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைத்துவிடாதே, அவ்வளவு நல்லவள் இல்லை நான், என் ஆணத்தைச் சாப்பிட்டால் தானாக இறங்கி வருவாள் என்று நினைத்துத்தான் போனேன். சாய்மா வேலைக்குப் போயிருந்தாள். அவள் அப்பா அமீன் பாயும், காலேஜில் படிக்கிற கடைசித் தம்பி ஆசிஃபும் இருந்தார்கள். அமீன் பாய் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரையும் இல்லை ஒன்றும் இல்லை, கல் மாதிரி இருந்தார். நான் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஆசிஃப் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான், மிளகு தூவிய ஆஃப் பாயில், மஞ்சள் கரு ஆடாமல் கண் மாதிரி நின்றது. இது மழை முட்டை என்றான். அப்படி ஒரு பேரா என்று கேட்டேன். அமீன் பாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சோகமாகச் சொல்கிற மனிதர் இல்லை அவர். மனைவி மவுத்தானபோது சாய்மாவுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிகள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். இவர் முதல் பஸ் எடுக்க மூன்றரை மணிக்கே டெப்போ போய்விடுவார், மீன் வாங்கி ஆய, கறி வேகவைக்க யார் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டை முட்டை வாங்கி வைத்துவிடுவாராம், வாரம் முழுக்க அதுதான். பையன்கள் தினமும் முட்டையா என்று தட்டைத் தள்ளிவிடுவார்களாம். அதனால் அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தாளாம். மழை முட்டை, பரீட்சை முட்டை, காய்ச்சல் முட்டை. தம்பிகள் அடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆம்லெட், அது சண்டை முட்டை. ஒன்பதாம் வகுப்புவரை எங்க வீட்ல முப்பது வகைச் சாப்பாடு இருக்குன்னு ஸ்கூல்ல பெருமை அடிச்சிருக்கேன் மாமி என்றான் ஆசிஃப்.

அவளுக்குத் தாய் இல்லை என்பது எனக்குப் பெண் பார்க்கும்போதே தெரியும். தெரிந்து என்ன நினைத்தேன் தெரியுமா, நல்லதாகப் போயிற்று, சம்பந்தியம்மா என்று ஒருத்தி வந்து நிற்கமாட்டாள் என்று நினைத்தேன். உன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இரண்டரை மணிக்கு அவள் வந்தாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களா மாமி என்றாள். அவள் அப்பாவும் தம்பியும் எதையோ புரிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள். ஆட்டோவில் வரும்போது யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோய், "ஹானி பேசினது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது" என்று உளறினேன். "தெரியும் மாமி. உப்புல அடக்கம் இல்லன்னு சொன்னாங்கல்ல, அப்படி இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் பேசுவீங்க" என்றாள். கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது முகத்தில். அப்படியானால் எதற்கம்மா வந்துவிட்டாய் என்று கேட்டேன். ஹானி, இதைக் கவனமாகப் படி. "அக்கா எங்கியோ இருக்காங்க, அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க வாசப்படில நின்னீங்க. நான் கண்ணாடி அலமாரில பாத்தேன். முழுசா கேட்டுட்டு, அதுல ஒண்ணக் கூட இல்லன்னு சொல்லல நீங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அந்த அலமாரியை அடுப்படிக்குள் வாசற்படிக்கு எதிரே வைக்கச் சொன்னதே நான்தான், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்க.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன், ஆனால் ரொம்ப மோசமாகக் கேட்டேன், நடுவில் என் முழங்கால் வலியை எல்லாம் இழுத்தேன். அவள் கேரியரைத் திறந்து மீன் ஆணத்தைச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். கூட வா என்று கூப்பிட்டதற்கு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள், சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தாள். வந்த அன்றைக்கே ஹஸனையும் அத்தாவையும் உட்காரவைத்து நடந்ததை என் வாயாலேயே சொன்னேன், புடவைக்கு அடியிலிருந்த ரிப்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். ஹஸன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினான், ஆனால் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. பெரியம்மாவுக்கும் போன் செய்து தலைசுற்றல் பொய் என்று சொன்னேன், ஒரு முட்டைக்கு இவ்வளவு பாடா என்று கேட்டுவிட்டு, அந்தப் பிரியாணிக்கு மசாலா எப்படி அரைத்தாள் என்று கேட்டு வை என்றார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வருகிற மாதம் அவர்கள் இரண்டு பேரும் கோட்டூர்புரத்தில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போகிறார்கள். வேலைக்குப் பக்கம் என்றாள் சாய்மா, அது பாதி உண்மை, மீதிப் பாதியை நான் கேட்கவில்லை. போவதற்குள் அவளுக்கு மீன் ஆணம் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் ஒரு மீன் வாங்குகிறேன், புளியைக் கரைப்பதில் என்னைவிடக் கை சுத்தம். எனக்கு அவள் கலக்கி சொல்லித்தருகிறாள். ஐந்து நாளாக முயல்கிறேன், ஒன்று ரசமாகிறது அல்லது ஆம்லெட்டாகிறது. நீங்க அதை நம்பவே மாட்டேங்கிறீங்க மாமி, வேகட்டும் வேகட்டும்னு நிக்கறீங்க என்கிறாள். அத்தா இரண்டையும் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறப்பதே இல்லை.

இனி உன் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, நம் காலை ஒன்பது மணிக்கு வீட்டில்தான் இருப்பாள், அவள் போனுக்கே கூப்பிடு, என் போனுக்கு வேண்டாம். குரல் செய்தி அனுப்பாதே, நேரே பேசு. அம்மா சொன்னதை நம்பிவிட்டேன் என்று சொல்லலாம், அது நிஜம்தான், ஆனால் தாய் இல்லாதவள் என்று சொன்னது நீ, அதற்கு என்னைச் சாக்குச் சொல்லாதே. அவள் போனை எடுத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி, குட்டி எப்படி இருக்கிறாள் அக்கா, பல் முளைத்ததா என்று கேட்பாள். நீயும் அப்பாடா என்று பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதற்கு இடம் கொடுக்காதே. நீ சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடு, அப்புறம் அவள் குட்டியைப் பற்றிக் கேட்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், குட்டிக்கு முத்தங்கள். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் ஆரோக்கியத்தையும், என் மகளுக்கு அவள் அம்மாவைவிடக் கொஞ்சம் அடங்கின வாயையும் தருவானாக. இடியாப்ப மாவில் வண்டு வரும், பிரிட்ஜில் வை.

துஆக்களுடன்,
உன் அம்மா
அஃப்சருன்னிசா